பிள்ளைக் கையளவு

தெரியாதாம். அந்தப் பிள்ளைக்கு என்ன வயசுன்னே தெரியாதாம். பன் எவ்வளவு சின்னதாப் போடணும்னு நான் கேட்டப்போ உள்ளங்கையைக் குழிச்சுக் காட்டினாரே. கைக்குத் தெரிஞ்சிருக்கு, வாய்க்கு மட்டும் தெரியலையாக்கும்.

அவள் மாவைத் தூக்கி மேசைமேல் அறைந்தாள். மேசையின் மறுமுனையில் கேக்கின் மேல் பூப் பிழிந்துகொண்டிருந்தவளின் கை ஆடிவிட்டது.

“ஏன்டி, மாவு உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? பாரு, என் ரோஜா முட்டைக்கோசாப் போச்சு.”

“ஒட்டுதுக்கா. கையை விட மாட்டேங்குது.”

“ஒட்டத்தான் செய்யும். வானம் இப்படி மூடிக்கிட்டுப் பேயவும் மாட்டாம விலகவும் மாட்டாம நின்னா, மாவு மட்டும் என்ன பண்ணும்?”

பிழிந்த பூவைக் கத்தியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள் கிரீம் அக்கா. பேக்கரியில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கேக் வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து அந்தப் பெயர்.

பேக்கரியின் பின்கட்டில் ஜன்னல் ஒன்றுதான். அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. அடுப்புச் சுவர் பகலெல்லாம் சூடு கக்கும். இந்தப் புழுக்கத்தில் பிசைந்த மாவைக் கொஞ்சம் மறந்தாலும் பொங்கி வழிந்து புளித்துப்போகும். மறக்காமலிருக்க அவள் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தாள். அது மட்டும் நடக்கவில்லை.

“முடிச்சு பன் வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு, ஞாபகம் இருக்கட்டும்,” என்று அடுப்படியிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். “எல்லாத்தையும் உருண்டையாவே போடு, பீச்சாங்கை.”

“போட்டுட்டுத்தான் மாஸ்டர் இருக்கேன்.”

இடது கையால் வேலை செய்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மாவைக் கயிறாக உருட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை நடுவில் செருகி அடியில் மடித்தால் முடிச்சு பன். மற்றவர்கள் போடும் முடிச்சு வலப்பக்கம் திரும்பியிருக்கும். அவளுடையது இடப்பக்கம். வெந்து சர்க்கரை தூவிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய பிறகு வாங்குகிறவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. ‘உன் பன்னெல்லாம் வீட்டுல கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்கு’ என்று மாஸ்டர் மட்டும் கிண்டல் செய்வார்.

இப்போது கடையில் முடிச்சு பன்னே கிடையாது. ஆனாலும் யாராவது ஒருவன் தினமும் வந்து கல்லாவில் பல்லை இளித்தான். ‘குட்டி பன் இருக்கா?’ கூட வந்தவன் சிரித்தான். அவர்கள் சிரிப்பு பின்கட்டு வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருவனாவது காறித் துப்பியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் புருஷன் இதே பேக்கரியின் வேன் ஓட்டினான். சந்தைக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டுக்குள் போலீஸ் புகுந்தபோது உள்ளே இருந்தவர்களில் அவனும் ஒருவன். கீழே வேன் நின்றது, பேக்கரியின் பெயரைச் சுமந்துகொண்டு. வீட்டுவேலை என்று சொல்லி எங்கிருந்தோ கூட்டிவந்த பிள்ளைகளை அங்கே அடைத்துவைத்து, வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டை நடத்திய பொம்பளையும் அவள் தம்பியும் சிறையில் இருந்தார்கள். காசு கொடுத்து வந்துபோனவர்களில் பிடிபட்டவன் இவன் ஒருவன்தான். மற்றவர்கள் பின்படிக்கட்டு வழியாகப் போயிருந்தார்கள். அல்லது போக விட்டிருந்தார்கள். இவனும் ஜாமீனில் வந்து வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

“இன்னைக்குத்தானே வக்கீல் வர்றாரு?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் கிரீம் அக்கா.

“ஆமாக்கா. சாயங்காலம்.”

“என்ன சொல்லப்போற?”

அவள் உருண்டையை உள்ளங்கைக்கடியில் வைத்துச் சுழற்றினாள்.

“விக்கிறவளைப் பிடிச்சுட்டோம்னு மார் தட்டுறானுங்க,” என்றாள் அக்கா. “வாங்க ஆள் இல்லாட்டி அவ என்னத்தடி வித்திருப்பா? நாம சுட்ட ரொட்டியை எவனும் வாங்கலேன்னா மறுநாள் அடுப்பு மூட்டுவோமா? இது ஒரு கணக்கா? சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.”

சின்னப் பிள்ளை என்ற சொல் வந்ததும் அக்கா குனிந்து கிரீம் பையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா செல்போனில் ஒரு படத்தைக் காட்டியபோது அவள் முதலில் பார்த்தது முடிச்சைத்தான். கசங்கிய காகிதப் பையின் மேல் ஒரு பன் காய்ந்து கிடந்தது. ஒரு ஓரம் மட்டும் கடித்திருந்தது. குட்டியான பன். முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

“அந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குறா,” என்றார் இன்ஸ்பெக்டர். “உன் வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டா ‘பன் மாமா’ங்கிறா. அவ்வளவுதான். இது உங்க பேக்கரி பன்தானே?”

“ஆமாங்க மேடம்.”

“இவ்வளவு சின்னதா யாருக்குப் போட்டது?”

அவள் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குள் இன்ஸ்பெக்டருக்கு வேறு போன் வந்தது. ‘யோசிச்சு வைம்மா. கோர்ட்ல கேப்பாங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

யோசித்துக்கொண்டு அவள் மறுபடி ஒருநாள் போனாள். சொல்லத்தான் போனாளா என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தே வேலைக்கு நேரமாகிவிட்டது. மேடம் வேறு ஊருக்குக் பந்தோபஸ்து வேலையாகப் போயிருப்பதாக மேசையில் இருந்த போலீஸ்காரர் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டார். அவள் புருஷன் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடினார்.

“போம்மா. வீட்டுல பேசி ஒத்துமையா இருக்கப் பாருங்க. ஆம்பளை புத்தி கொஞ்சம் தடுமாறும். வந்தவன் போனவன் மேலயெல்லாம் கேஸ் நிக்காது.”

சுவரில் பிள்ளைகளைக் காப்போம் என்று பெரிய எழுத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதன் கீழ்நுனி பிய்ந்து மின்விசிறிக் காற்றில் தட்டித் தட்டி ஆடியது. அதையாவது யாராவது ஒட்டக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

காலை வேலையை முடித்து மதியம் வீட்டுக்குப் போனபோது மாமியார் வாசல்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

“வந்துட்டியா? அவன் இன்னும் சாப்பிடல. நீ வந்துதான் போடணுமாம்.”

“நீங்க போட்டிருக்கலாமே அத்தை.”

“எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பெத்த வயிறு.” தோலிகளை முந்தானையிலிருந்து உதறினாள். “ஊர்ல இல்லாததையா பண்ணிட்டான்? காசைப் பிடுங்கிக்கிட்டு மாட்டிவிட்டுட்டா அந்தச் சண்டாளி.”

யாரைச் சண்டாளி என்கிறாள், அந்த வீட்டுப் பொம்பளையையா, அந்தப் பிள்ளையையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாமியாருக்கே தெரிந்திருக்காது.

சமையலறையில் அவள் தட்டு வைக்கும்போது அவன் பின்னால் வந்து நின்றான். குளித்து, தலைவாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான்.

“நீ சாப்பிட்டியா?” என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடாதா என்று ஒரு காலத்தில் அவள் ஏங்கியதுண்டு. இப்போது கேட்டான். அது அவளுக்கு முதுகில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது.

“உக்காருங்க. ஆறிப்போயிடும்.”

“வக்கீல் ஒரே ஒரு வார்த்தைதான் கேக்குறாரு. அந்தப் பன் பாப்பாவுக்குப் போட்டது, நான் வேலை முடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதுக்காகக் கையில வச்சிருந்தேன். அவ்வளவுதான். முடிஞ்சுது.”

“பாப்பாவுக்கு நீங்க ஒண்ணுகூடக் கொண்டுவந்து குடுத்ததில்ல.”

“அது கோர்ட்டுக்குத் தெரியுமா?”

“பாப்பாவுக்குத் தெரியும். ஒரு நாள் உங்க பையைத் திறந்து பாத்துட்டு, ‘இந்தக் குட்டி பன் எனக்காப்பா’ன்னு ஆசையாக் கேட்டா. ‘ஆர்டர் பன், கையை எடு’ன்னு அதட்டினீங்க.”

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

“எல்லாரும் என்னை மிருகத்தைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க,” என்றான் பிறகு. “நான் அந்தப் புள்ளையை ஒரு நாள் அடிச்சதில்ல. வஞ்சதில்ல. பசியோட கிடக்குமேன்னுதான் எடுத்துட்டுப் போனேன். மத்தவனெல்லாம் அப்படியா? நான் ஒண்ணும் சும்மா போகல. காசு குடுத்துட்டுத்தான் போனேன். யாரையும் ஏமாத்தல.”

அவள் குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. நல்லவனாக இருந்ததற்குத் தண்டனை கிடைத்ததைப் போன்ற முகம்.

“புள்ளைன்னு சொல்றீங்க,” என்றாள்.

“என்ன?”

“கோர்ட்ல ‘பொண்ணு’ன்னுதானே சொல்லணும். ‘பாத்தாப் பெரிய பொண்ணு மாதிரி இருந்துச்சு’ன்னு. வக்கீல் சொல்லிக் குடுத்திருக்காருல்ல. மறந்துட்டீங்க.”

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். கையைக்கூடக் கழுவவில்லை. அவள்தான் தட்டைக் கழுவினாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் அந்தக் கோபம் போக இடமில்லாமல் மணிக்கட்டிலேயே நின்றது.

முதல் தடவை அவன் அந்தக் குட்டி பன்னைக் கேட்டது இப்படித்தான்: ‘நான் போற வழியில ஒரு கடைக்காரர் இருக்காரு. அவர் பேத்தி, தாயில்லாப் பிள்ளை. உன் பன்னுன்னா உசிரு. சின்னதா நாலஞ்சு போட்டுக் குடேன்.’ எவ்வளவு சின்னது, என்ன வயசு என்று அவள் கேட்டாள். ‘நம்ம பாப்பா வயசுதான் இருக்கும்’ என்று சொல்லி உள்ளங்கையைக் குழித்துக் காட்டினான். அவள் மனம் இளகிவிட்டது. தாயில்லாப் பிள்ளை. தன் மகளின் கையை நினைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி முடிச்சுப் போட்டாள். மற்ற பன்களைவிடச் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகவே தூவினாள். அதற்குப் பிறகு அவன் கேட்கும்போதெல்லாம் போட்டுக்கொடுத்தாள். மனிதருக்கு ஈரம் இருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டாள்.

அந்த மாடி அறையில் பை திறந்தபோது அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்? தின்றிருக்குமா? ஒரு ஓரம் மட்டும்தான் கடித்திருந்தது. இதற்கு மேல் அவள் மனம் போகாது. அங்கே போய் முட்டி நின்று, திரும்பி வந்து, மறுபடி முட்டும்.

பொழுது சாயும் நேரத்தில் வக்கீல் வந்தார். கூடவே நாத்தனார், தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். தம்பி வழக்குக்கு அலைகிறவள் அவள்தான்.

“என்னம்மா இது, காத்தே இல்ல,” என்று வக்கீல் சட்டைக் காலரைத் தளர்த்தினார். குண்டு மனிதர், சிரித்த முகம். டீயை ஊதி ஊதிக் குடித்தார். “பயப்படாதீங்க. ரொம்பச் சின்ன விஷயம். ‘மேஜர் ஆன பொண்ணுன்னு சொன்னாங்க, இவரும் நம்பிட்டாரு.’ இதுதான் நம்ம கட்சி. அதுல அந்தப் பன் ஒண்ணுதான் முள்ளு மாதிரி குத்துது. வயசு தெரியாதவன் எதுக்குய்யா குழந்தைக்கு வாங்குற பன்னை வாங்கிட்டுப் போனான்னு கேப்பாங்க. அந்த இடத்துலதான் நீங்க வரணும்.”

“அவ சொல்லுவா சார்,” என்றாள் நாத்தனார். “சொல்லாம எங்க போவா?” பிறகு இவளைப் பார்த்தாள். “கார்ல வந்துட்டுப் போனவனெல்லாம் கல்யாண வீட்டுல முன்வரிசையில உக்காந்து விருந்து சாப்பிடுறான். பள்ளிக்கூடக் கமிட்டியில இருக்கிற ஆளுகூட அங்க போவானாம். ஊருக்கே தெரியும். என் தம்பி மட்டும் இளிச்சவாயனா?”

அது நிஜம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர்களும் உள்ளே போக வேண்டும் என்று நாத்தனார் சொல்லவில்லை. தம்பியும் வெளியே வர வேண்டும் என்றுதான் சொன்னாள்.

“எங்க, ஒரு தடவை சொல்லிப் பாருங்க,” என்றார் வக்கீல். “நான்தான் எதிர்க்கட்சி வக்கீல்னு வச்சுக்கங்க. இந்தப் பன் யாருக்காகச் செஞ்சதும்மா?”

அவள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். அவன் கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மாமியார் சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது.

“சொல்லேன்டி,” என்றாள் மாமியார். “வாயில கொழுக்கட்டையா?”

“அண்ணி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு. சாயங்கால மாவு போட்டாகணும்,” என்றாள் அவள் நாத்தனாரிடம்.

“மாவு, மாவு!” என்று சீறினாள் நாத்தனார். “புருஷன் ஜெயிலுக்குப் போறான், இவளுக்கு மாவு பொங்குதாம். இந்த வீடு யார் பேர்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கா உனக்கு? நாளைக்கு உன்னையும் உன் பொண்ணையும் வெளியில நிறுத்தினா எந்த மாவு வந்து சோறு போடும்?”

“மிரட்டாதீங்கம்மா, பாவம்,” என்று வக்கீல் கையமர்த்தினார். “அவங்களுக்குக் கூச்சமா இருக்கு. பரவால்ல. பொண்ணு இருக்கால்ல? குழந்தை வந்து சொன்னா இன்னும் எடுபடும். கூப்பிடுங்க பாக்கலாம்.”

“பாப்பா!” என்று நாத்தனார் குரல் கொடுத்தாள். “இங்க வா கண்ணு.”

உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. கையில் ரப்பரும் பென்சிலும். பெரியவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கதவோரத்திலேயே நின்றுவிட்டாள்.

“அப்பா உனக்குக் குட்டி பன் கொண்டுவருவாருல்ல? முடிச்சுப் போட்ட பன்? அம்மா உனக்காகப் போட்டது?”

“இல்லத்தை,” என்றாள் பிள்ளை. “அது ஆர்டர் பன். நான் தொடக்கூடாது.”

கட்டிலில் இருந்தவன் இன்னும் குனிந்தான். நாத்தனார் உதட்டைக் கடித்தாள். வக்கீல் மட்டும் சிரித்தார். நல்ல சிரிப்பு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“சமத்து. அதெல்லாம் சொல்லிக் குடுத்தா வந்துரும். ரெண்டு மூணு தடவை சொல்லிச் சொல்லிப் பழக்குனாப் போதும். இந்த வயசுப் பிள்ளைங்க நாம என்ன சொன்னாலும் செய்யும்.”

அவள் நிலையை விட்டு நகர்ந்தாள். மகளிடம் போய் அவிழ்ந்த பின்னலைக் கையில் எடுத்தாள். மூன்றாகப் பிரித்து, இடது கையால் இறுக்கிப் பின்னி, ரப்பர்பேண்டைச் சுற்றினாள்.

“உள்ள போய் வீட்டுப்பாடம் எழுது, பாப்பா. கதவைச் சாத்திக்கோ.”

கதவு சாத்தும்வரை காத்திருந்தாள்.

“அவளை எதையும் சொல்லச் சொல்லாதீங்க,” என்றாள் வக்கீலிடம். குரல் ஏறவில்லை.

“சரிம்மா, சரி. குழந்தை வேணாம். நீங்களே சொல்லிடுங்க. ஒரு வார்த்தை.”

“அது என் பொண்ணுக்குப் போட்டது இல்லீங்க.”

“அய்யோ, குடியைக் கெடுக்கிறாளே,” என்று மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவன் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் டீ டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

வக்கீலின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிருந்தது. “யோசிச்சுப் பேசுங்கம்மா. கோர்ட்ல உங்களை நிக்க வச்சு, அப்ப யாருக்குத்தான் போட்டீங்கன்னு கேப்பாங்க. யார் கேக்கச் சொன்னாங்க, என்ன வயசுன்னு சொன்னாங்க, எல்லாத்தையும் கேப்பாங்க.”

அவள் தட்டைச் சமையலறைத் திண்டில் வைத்தாள். ஆணியில் தொங்கிய வேலைத்துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

“கேக்கட்டும்,” என்றாள்.